பாட்டாவும் பேத்தியும் சிங்கப்பூர் போக ஒரு மார்த்தாண்டத்து ட்ராவல்ஸ்

வயசானவர் ஒருவரும் பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளை ஒன்றும், நடுவில் அப்பா அம்மா இல்லாமல், தனியாக வெளிநாடு போக வேண்டுமென்றால் நம்ம மாவட்டத்தில் யாரை நம்பிப் போவது என்று பலருக்கும் குழப்பம் இருக்கும். மகனுக்கும் மருமகளுக்கும் லீவு கிடைக்காததால் நானும் பிளஸ் ஒன் முடித்த பேத்தியும் மட்டும் இந்த மே மாதம் சிங்கப்பூர் போய் வந்தோம். ஏற்பாடு செய்தது மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கிற சின்ன ட்ராவல்ஸ். நடத்துகிறவர் ஒரு அம்மா, உதவிக்கு ஒரு பையன், அவ்வளவுதான் ஆட்கள். பெயரைப் பொதுவில் போட வேண்டாம், ஒரே நேரத்தில் கூட்டம் வந்தால் ஒழுங்காகக் கவனிக்க முடியாது என்று அவரே கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. ஆனால் அவர் செய்த வேலையை விவரமாகச் சொல்கிறேன். நீங்கள் எந்த ட்ராவல்ஸுக்குப் போனாலும் இதையெல்லாம் கேட்டு வாங்கலாம்.

முதலில் நாகர்கோவிலில் சில இடங்களில் விசாரித்தோம். போன இடத்திலெல்லாம் ஒரு பளபளப்பான நோட்டீஸைக் கையில் கொடுத்தார்கள். சிங்கப்பூர், மலேசியா இரண்டும் சேர்த்து ஒரே மூச்சில், முப்பது நாற்பது பேர் குழு, விடியுமுன் எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றினால் ராத்திரிதான் ஹோட்டலில் கொண்டு விடுவார்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, வலது முட்டில் தேய்மானம், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குழுவின் பின்னால் என்னால் ஓட முடியாது. பேத்திக்கோ ஒரு இடம் பிடித்துவிட்டால் அங்கேயே மணிக்கணக்காக நிற்க வேண்டும், பிடிக்காத இடத்தில் அஞ்சு நிமிஷம் நிற்க மாட்டாள். எங்கள் இருவருக்குமே அந்த நோட்டீஸில் இடம் இல்லை.

மார்த்தாண்டத்து அம்மா நோட்டீஸ் எதையும் எடுக்கவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு, என்ன வேலை பார்த்தீர்கள் என்று முதலில் கேட்டார். குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு, முட்டு நன்றாக இருந்த காலம் வரைக்கும் நானே பால் வெட்டியவன் என்றேன், அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் கேட்ட கேள்விகளை எந்த ட்ராவல்ஸிலும் நான் கேட்டதில்லை. நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பீர்கள், எந்தக் காது நன்றாகக் கேட்கும், மீன் இல்லாமல் சோறு இறங்குமா, "ராத்திரி எத்தன தடவ எளும்புவிய மாமா?" என்றுகூடக் கேட்டார். கடைசிக் கேள்வி ஏன் என்றால், பாத்ரூம் கட்டிலிலிருந்து எத்தனை எட்டு தூரத்தில் இருக்க வேண்டும், இருவருக்கும் தனித்தனிக் கட்டில் போட்ட அறையா வேண்டும் என்று பார்த்துத்தான் ஹோட்டலைத் தேடுவாராம்.

அப்புறம் என்னைக் கீழே போய் ஒரு சாயா குடித்துவிட்டு வரச் சொன்னார். பாட்டா முன்னால் பிள்ளை மனசில் உள்ளதைச் சொல்லாது என்றார். சரி என்று போய்விட்டு வந்தேன். அவள் சொன்னதெல்லாம் பிறகு திட்டத் தாளில் தெரிந்தது. ரயிலில் வழி பார்த்துக் கூட்டிப்போகிற வேலை தனக்கு வேண்டும், ஒரு நாள் முழுக்க யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா வேண்டும், மத்தியானம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வேண்டும். எங்கள் வீட்டில் அவளிடம் யாரும் இப்படி உட்கார வைத்துக் கேட்டதில்லை. பதினாறு வயசுப் பிள்ளை பெரியவரோடு போகும்போது, பெரியவரின் பெட்டியைத் தூக்க வந்த ஆள் மாதிரி நடத்துவதுதான் வழக்கம். பெரியவரையோ எங்கே உட்கார வைத்தாலும் இருந்துகொள்வார் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு பேரையும் இரண்டு ஆளாக நினைத்துத் திட்டம் போட்டதுதான் இந்த ட்ராவல்ஸின் பெரிய சிறப்பு, நான் கொடுத்த பணத்தில் பாதி அதற்கே தகும்.

திட்டம் எளிமையானது. ஒரே நாடு, ஒரே ஹோட்டல், லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். காலையில் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் தாளில் ஒன்றும் எழுதவில்லை. இத்தனை பணம் கட்டிப் போய்விட்டு மத்தியானம் படுத்துக் கிடப்பதா என்று மகன் போனில் கேட்டான். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர், நம்ம ஊர் வெக்கையை விட ஒரு படி கூடத்தான், வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே சட்டென்று மழை கொட்டும். அந்த நாலு மணி நேரம் இருந்ததால்தான் ராத்திரி மரீனா பே பக்கம் விளக்கெல்லாம் பார்க்க எனக்குக் காலில் தெம்பு இருந்தது, பேத்திக்கும் முகம் வாடவில்லை.

காகித வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு நம்ம மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. அறுபது தாண்டியவர்களுக்குப் புது பாஸ்போர்ட் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, 1,500 ரூபாய்க்கு 1,350 கட்டினால் போதும். பிள்ளைகளுக்குப் பொதுவாக அஞ்சு வருஷம் அல்லது பதினெட்டு வயசு, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும், கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் பதினைந்து முடிந்து பதினெட்டு ஆகாத பிள்ளைகள் 1,500 கட்டினால் பத்து வருஷத்துக்கு எடுக்கலாம். அந்த அம்மா சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரிந்தது, பேத்திக்கு அப்படியே எடுத்தோம், காலேஜ் முடித்த பிறகும் செல்லும். அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாளும் வேண்டும். இனிஷியல் விஷயத்தில் கவனம் வையுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும், டிக்கெட்டிலும் விசாவிலும் அதே எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்ததைப் பார்த்ததும், முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அப்போது அலைச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அதுதான் சரி.

சிங்கப்பூருக்கு நம்மவர்களுக்கு விசா கட்டாயம். தூதரகம் அங்கீகரித்த ஏஜென்ட் வழியாகப் போகும், அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் வாங்குவது ஏஜென்டின் கூலி. போட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. விமானம் ஏறுவதற்கு முந்தைய நாட்களில் இணையத்தில் வருகை அட்டை ஒன்று நிரப்ப வேண்டும். இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளைக்குள்தான் நிரப்ப முடியும், அதற்குக் காசே கிடையாது. காசு கேட்கிற இணையதளம் எதுவானாலும் மூடிவிடுங்கள் என்று அந்த அம்மா பேத்தியிடம் சொல்லி, அவள் கையாலேயே நிரப்ப வைத்தார். இது தவிர, பிள்ளையைப் பாட்டாவோடு அனுப்பச் சம்மதம் என்று மகனும் மருமகளும் எழுதி, நோட்டரி சான்றோடு ஒரு கடிதம். திருவனந்தபுரத்தில் குடியேற்ற அதிகாரி "அப்பா அம்மா எங்கே" என்று கேட்டதும் பேத்தி அதை எடுத்து நீட்டினாள், படித்துவிட்டு முத்திரை குத்திவிட்டார்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை, பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சூயிங்கமும் கொண்டுபோகக் கூடாது. பயணத்துக்குச் சில நாள் முன்னால் ஃபோன் பண்ணி, "மாமா, மடியில ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டே விட்டார்.

குலசேகரத்திலிருந்து சாக்கை சர்வதேச முனையம் வரைக்கும் கார் அவர்கள் ஏற்பாடுதான். களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசலைக் கணக்கில் வைத்து சீக்கிரமே வந்துவிட்டார் டிரைவர். சக்கர நாற்காலி டிக்கெட் போடும்போதே பதிவாகியிருந்தது. நடக்க முடிகிற ஆளுக்கு எதற்கு என்று நம்ம வயசுக்காரர்கள் பலர் மறுத்துவிடுவார்கள், மறுக்காதீர்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய வாசலிலிருந்து குடியேற்றம் வரைக்கும் நடக்கிற தூரத்திலேயே முட்டு பாதி நாளைத் தின்றுவிடும். கூட வருகிற பிள்ளையும் நம்மோடேயே வரலாம், வரிசை தனி. விமானம் நேரடி, நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதனால் முதல் நாள் தூங்கிவிடுங்கள் என்று திட்டத்திலேயே போட்டிருந்தார்.

பொறுப்பைப் பங்கிட்டுக் கொடுத்ததும் அவர்தான். பாஸ்போர்ட், பணம், மாத்திரை என் பையில். வழி, ரயில் அட்டை, போன் சார்ஜர் அவள் பையில். என் சட்டைப் பையில் ஹோட்டல் முகவரி, பேத்தியின் நம்பர், ரத்த வகை, மாத்திரை பெயர் எல்லாம் எழுதிப் பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை. ரயில் நிலையத்தில் பிரிந்துவிட்டால் தேடி அலையக் கூடாது, இருவரும் பயணிகள் சேவை மையத்தின் கண்ணாடி அறைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று மார்த்தாண்டத்திலேயே பேசி வைத்தோம். பிரியவே இல்லை, ஆனால் அந்த ஏற்பாடு இருந்ததால் நான் பதறாமல் அவள் பின்னால் போனேன். நிலையங்களில் தமிழிலும் பலகை இருக்கிறது, லிஃப்ட் எல்லா இடத்திலும் உண்டு.

அந்த அம்மா என் வேலையை நோட்டில் எழுதிக்கொண்டது எதற்கு என்று சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் போன அன்றுதான் விளங்கியது. லிட்டில் இந்தியாவிலிருந்து நீல நிற ரயிலில் மூன்றாவது நிறுத்தம், உள்ளே போகக் காசு இல்லை, 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. எந்த நோட்டீஸிலும் இது இல்லை, இருந்தாலும் ஆர்க்கிட் பூவோடு முடித்துவிடுவார்கள். எங்கள் தாளில் மட்டும், "ரப்பர் பிறந்த வீடு, மாமாவுக்கு" என்று எழுதியிருந்தது.

1876-ல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதையில் முளைத்த நாற்றுகளில் 22 நாற்று 1877-ல் இந்தப் பூங்காவுக்கு வந்தது. 1888-ல் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி என்பவர்தான் மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் விதத்தைச் சோதித்துச் சோதித்துக் கண்டவர். அதற்கு முன்னால் பிரேசில் காட்டில் கோடாலியால் கொத்தி எடுப்பார்கள். பட்டையை மெலிசாகச் சீவி, அடுத்த தடவை புது இடத்தில் கை வைக்காமல், அதே வெட்டின் விளிம்பில் இன்னொரு சீவல் எடுக்கலாம் என்று காட்டியவர் அவர். நான் வாழ்நாள் முழுக்கச் செய்தது அந்த வேலைதான், அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தோட்ட முதலாளிகள் ரப்பர் நட மறுத்த காலத்தில் கண்டவர்களிடமெல்லாம் விதையைக் கொடுத்து நடச் சொல்லித் தொந்தரவு செய்வாராம், அதனால் கிறுக்கு ரிட்லி என்றே பட்டப்பெயர். நூறு வயசு வாழ்ந்தார். அவர் இறந்த தேதியைப் பேத்தி போனில் தேடி எடுத்தாள்: 1956 அக்டோபர் 24. நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது அதே வருஷம் நவம்பர் 1. எட்டே நாள் வித்தியாசம்.

அங்கே ஒரு ரப்பர் மரத்தடியில் நின்றேன். பட்டையைப் பெருவிரலால் தடவினால் சாம்பல் பூத்த மேல்தோல், நகத்தால் அழுத்தும்போது உள்ளே இருக்கிற ஈரம், நம்ம தோட்டத்து ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரக ரப்பர் மரத்திலிருந்து கை வேறுபாடு சொல்லவில்லை. இடது பக்கம் உசந்து வலது பக்கம் தாழ்கிற மாதிரி வெட்டு எப்படிப் போக வேண்டும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினேன். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டால் அந்த இடத்தில் பட்டை திரும்பச் சரியாக வளராது, முண்டு கட்டிவிடும். மேலாகப் போனால் பால் வராது. ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்குள் கை நிற்க வேண்டும். "ஏன் பாட்டா நீங்க இருட்டுலேயே எளும்பிப் போவிய?" என்று கேட்டாள். குழந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், கேட்டது அன்றைக்குத்தான். வெயில் ஏறினால் இலை வழியாக நீர் போய் மரத்துக்குள் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும், அதுதான் காரணம் மக்களே என்றேன். சிரட்டையில் பால் விழுகிற சத்தம், மறுநாள் பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலைச் சுருட்டி எடுப்பது, பாலை ரப்பர் ஷீட்டாக அடித்துப் புகை போடுவது வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள், போனில் பதிவும் செய்தாள். அங்கேயே மத்தியானம் ஆகிவிட்டது. திட்டத்தில் அவசரம் இல்லாததால் யாரும் எங்களைக் கிளப்பவில்லை.

யூனிவர்சல் ஸ்டூடியோஸ் நாளுக்கு அந்த ஊர்த் தமிழ்ப் பெண் ஒருவரைத் துணைக்கு ஏற்பாடு செய்திருந்தார், அதற்குத் தனிக் கட்டணம். பேத்தி அவரோடு போய்விட்டு ராத்திரி சந்தோஷமாக வந்தாள். நான் அன்றைக்கு சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனேன், 1947-லிருந்து நடக்கிற கோமள விலாஸில் காப்பி குடித்தேன், தேக்கா சந்தையில் மீன் பார்த்தேன். பிள்ளையின் பின்னால் வெயிலில் அலைந்து, உட்கார இடம் தேடி, அவள் சந்தோஷத்தையும் கெடுக்காமல் இருந்தது எவ்வளவு நல்லது.

சாப்பாட்டையும் சேர்த்து விற்கிற திட்டம் கிடையாது, சாப்பிடுகிற இடங்களின் பட்டியல் மட்டும் கையில். அதில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலையில் போடுகிற மீன் தலைக் கறியைக் கோடு போட்டுக் காட்டியிருந்தார். ஒரு பெரிய சட்டியில் முழுத் தலை, வெண்டைக்காயும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. தேங்காய் அரைத்து வைக்கிற நம்ம குழம்பின் ருசி வேறு, ஆனால் கன்னச் சதையும் கண்ணைச் சுற்றிய பகுதியும் குமரிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேத்தி தொடவில்லை, பக்கத்தில் எங்கேயோ போய் நூடுல்ஸ் வாங்கி வந்து என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

குறைகளும் உண்டு, அதையும் அவரிடம் நேரில் சொன்னேன். பயணக் காப்பீட்டுத் தாள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குச் செலவு தர மாட்டார்கள் என்று உள்ளே பொடி எழுத்தில் இருந்தது. பிரஷர் உள்ளவனுக்கு அதுதான் முக்கியம், பணம் கட்டும் நாளிலேயே வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். விசாக் கட்டணத்தையும் கூலியையும் ஒரே தொகையாக ரசீதில் போட்டிருந்தார், கேட்ட பிறகுதான் பிரித்துக் காட்டினார். ஹோட்டலில் தனித்தனிக் கட்டில் இருந்தது, பாத்ரூமும் பக்கம், ஆனால் குளிக்கிற இடத்தின் விளிம்பு முட்டு உயரம். ராத்திரி எண்ணிக்கையை விசாரித்தவர் இதையும் விசாரித்திருக்கலாம். தினமும் பேத்தியின் கையைப் பிடித்துத்தான் உள்ளே இறங்கினேன். அரை நாள் பஸ் சுற்றுலா ஒன்றை மட்டும் வேறு கம்பெனியிடம் கொடுத்திருந்தார், அது வீண். மெர்லயன் சிலைக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்துவிட்டு, ஒரு சாக்லேட் கடைக்குள் எங்களை அதைவிட அதிக நேரம் நிறுத்தி வைத்தார்கள். உங்கள் திட்டத்தில் அந்தப் பஸ் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், ரயிலிலேயே எல்லாம் பார்க்கலாம்.

செலவு விமானம், ஹோட்டல், விசா, கார் எல்லாம் சேர்த்து இருவருக்கும் ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்தது, சாப்பாடும் ஸ்டூடியோஸ் டிக்கெட்டும் தனி. குழுவோடு போனால் இதைவிடக் குறையும். பேக்கேஜ் தொகையோடு டி.சி.எஸ். வரி என்று ஒன்று பிடிப்பார்கள், அதற்குரிய சான்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

போகிறவர்கள் மே மாதத்துக்கு என்றால் பொங்கல் கழிந்ததுமே ஆரம்பித்துவிடுங்கள், பாஸ்போர்ட்டுக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் நாள் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டு வலி உள்ளவர்கள் கீழே நின்று போன் பண்ணினால் அந்த அம்மாவே நோட்டோடு இறங்கி வருவார். பிள்ளையையும் கூடவே கூட்டிப்போங்கள், பிள்ளை இல்லாமல் போனால் திட்டம் போட மாட்டார்.